கருத்தரங்கின் பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு

கேள்வி: நான் செல் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவி. எங்கள் துறையில் வாரந்தோறும் வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து கருத்தரங்க உரை நிகழ்த்துகிறார். முதல் பத்து நிமிடம் நன்றாகப் புரிகிறது. வரைபடங்கள் வரத் தொடங்கியதும் எங்கோ விட்டுப்போகிறது. மீதி நேரம் புரிந்தவள்போல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உரை முடிந்ததும் மூத்தவர்கள் கூர்மையாகக் கேள்வி கேட்கிறார்கள். நானும் என்னுடன் படிக்கும் மாணவியரும் இதுவரை வாய் திறந்ததில்லை. "ஒரு கேள்வியாவது கேட்காமல் வராதே" என்று என் நெறியாளர் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்த ஒரு மணி நேரம் ஆய்வுக்கூடத்தில் இருந்தாலாவது வேலை நடக்குமே என்று தோன்றுகிறது. அடுத்த பருவத்தில் நானே துறையினர் முன்னால் நாற்பத்தைந்து நிமிடம் பேச வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பத்தாவது நிமிடம் என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே உங்கள் சிக்கலின் பாதி விளக்கம் அடங்கியிருக்கிறது. உயிரியல் துறைகளில் நடக்கும் கருத்தரங்க உரை, பேசுபவர் யாராக இருந்தாலும், ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் செல்லும். எந்த உயிரினம், எந்த நிகழ்வு, இதுவரை என்ன தெரியும், எது தெரியாமல் இருக்கிறது என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லும் முன்னுரை முதல் எட்டு, பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குப்பின் இரண்டு அல்லது மூன்று பகுதிகளாகச் சோதனை முடிவுகள் வரும். கடைசிச் சில நிமிடங்கள் தொகுப்புரைக்கும், இன்னும் அச்சேறாத முடிவுகளைப் பற்றிய குறிப்புக்கும், ஆய்வுக்கூடத்தாரின் குழுப் படத்தோடு சொல்லும் நன்றிக்கும் போய்விடும். முன்னுரை கதைபோல் சொல்லப்படுவதால் அதைப் பின்தொடரக் காது போதும். முதல் வரைபடம் திரையில் வந்ததும் கேட்பவரின் வேலை மாறிவிடுகிறது: இனி கண்தான் முதலில் உழைக்க வேண்டும், பேச்சு அதற்குத் துணை. நீங்கள் கதையின் அடுத்த வரிக்காகக் காத்திருக்கும்போது பேச்சாளர் அடுத்தடுத்து மூன்று வரைபடங்களைக் கடந்து சென்றுவிடுகிறார். உங்களுக்கு அறிவு போதாது என்பதற்கு இது சான்று ஆகாது. முன்னுரையைக் கேட்கும் முறையிலேயே தரவுகளையும் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

தரவுப் பகுதியில் பேச்சாளர் செய்வது ஒரு வாதம். "இந்தப் புரதம் இல்லாவிட்டால் செல் நகராது" என்று அவர் ஒரு கூற்றை வைக்கிறார். அதைத் தாங்க ஒரு சோதனையைக் காட்டுகிறார். கேட்பவர் செய்ய வேண்டியது, எந்தக் கூற்று எந்தச் சோதனையின்மேல் நிற்கிறது என்பதைக் கண்டுகொள்வது மட்டுமே. ஓர் உரையில் முப்பது, நாற்பது ஸ்லைடுகள் இருக்கலாம். அவற்றில் அந்த வாதத்தைத் தாங்குபவை நான்கோ ஐந்தோதான். மற்றவை அவற்றுக்கு அணைவாக நிற்பவை. எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும் என்று முயல்பவர்தான் முதலில் களைத்துப் போகிறார். கூர்மையான கேள்வி கேட்கும் உங்கள் மூத்தவர்களிடம் உரை முடிந்த பிறகு தனியாக விசாரித்துப் பாருங்கள்: தமக்குப் பழக்கமான ஒரு பகுதியை ஆழமாகவும் மற்றவற்றை மேலோட்டமாகவும் கேட்டதாகவே பெரும்பாலோர் சொல்வார்கள்.

ஒரு ஸ்லைடை எப்படிப் படிப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம். இது நான் விளக்கத்துக்காக அமைப்பது. திரையில் மூன்று பட்டைகள் உள்ள ஒரு வரைபடம். நிலை அச்சில் செல் நகரும் வேகம், மணிக்கு மைக்ரோமீட்டரில். முதல் பட்டை இயல்பான செல்கள், 30. இரண்டாவது, ஒரு மரபணுவைக் கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் முறையில் நீக்கிய செல்கள், 12. மூன்றாவது, நீக்கிய அதே செல்களுக்குள் அந்த மரபணுவைத் திரும்பச் செலுத்தியவை, 27. பட்டைகளுக்கு மேலே, வேறுபாடு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறிகள், கீழே பொடி எழுத்தில், மாதிரி எண்ணிக்கையைச் சொல்லும் "n = 3". பேச்சாளர் இந்த ஸ்லைடில் அரை நிமிடம் நிற்பார். "நீக்கினால் வேகம் குறைகிறது, திருப்பிக் கொடுத்தால் மீள்கிறது" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவார்.

அந்த அரை நிமிடத்தில் உங்கள் கண் முதலில் போக வேண்டிய இடம் அச்சு. என்ன அளக்கப்பட்டது, எந்த அலகில் என்பது தெரியாமல் பட்டையின் உயரத்தைப் பார்ப்பதில் பயனில்லை. அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அடுத்து, எதனோடு எது ஒப்பிடப்படுகிறது என்பது. இங்கே மூன்றாவது பட்டைதான் உயிரானது. கிரிஸ்பர் சில வேளைகளில் நாம் குறிவைக்காத இடத்திலும் டி.என்.ஏ.வை வெட்டிவிடும் என்பதால், வேகம் குறைந்ததற்கு வேறொரு மரபணு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எப்போதும் உண்டு. நீக்கிய மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் வேகம் மீண்டால் அந்த ஐயம் பெரும்பாலும் நீங்கும். இரண்டு பட்டைகளை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் பேச்சாளரிடம் மூன்றாவதைப் பற்றிக் கேட்பது எந்தக் காலத்திலும் நியாயமான கேள்வி.

கடைசியாக அந்த "n = 3". எது மூன்று? மூன்று செல்களா, ஒரே நாளில் வைத்த மூன்று தட்டுகளா, வெவ்வேறு நாட்களில் தொடக்கத்திலிருந்து செய்த மூன்று சோதனைகளா? ஒவ்வொரு சோதனையிலும் ஐம்பது செல்களை அளந்திருந்தால் மொத்தம் 150 செல்கள். பட்டையின் நுனியில் வரையும் பிழைப்பட்டை என்ற கோடு, சராசரி எவ்வளவு பிசகக்கூடும் என்பதைச் சொல்லும் திட்டப் பிழையைக் காட்டுவதாக வைத்துக்கொண்டால், அதைக் கணக்கிட, அளவுகளின் சிதறலைச் சொல்லும் திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். 150 என்று எடுத்துக்கொண்டால் அது திட்ட விலக்கத்தில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பட்டையின் நுனியில் ஒரு சிறு கோடுதான் தெரியும். ஆனால் ஒரே தட்டில் வளர்ந்த ஐம்பது செல்களும் ஒரே ஊடகத்தில், ஒரே நாளின் வெப்பநிலையில், ஒரே கையால் கையாளப்பட்டவை. அவற்றை ஐம்பது தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது சரியாகாது. தனித்த சான்று சோதனைக்கு ஒன்று என்று கொண்டால் எண்ணிக்கை மூன்றுதான். பிழைப்பட்டை நீளும், நட்சத்திரங்கள் குறையவும் கூடும். பெயர்பெற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து வரும் உரைகளில்கூட இந்த இடம் அடிக்கடி மங்கலாகவே விடப்படுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஸ்லைடையும் இப்படிப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். தொடக்கத்தில் ஓர் உரைக்கு ஒரே ஒரு வரைபடத்தை இப்படி முழுமையாகப் படித்தால் போதும். சில மாதங்களில் அது இரண்டாகும், மூன்றாகும். பிறகு நீங்கள் எண்ண மாட்டீர்கள். நடுவில் விட்டுப்போனால் பதறாதீர்கள். உரைக்குள் திரும்ப நுழைய வாசல்கள் உண்டு. "இதுவரை பார்த்தது என்னவென்றால்" என்று ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பேச்சாளர் ஒரு ஸ்லைடு வைப்பார். அதை நம்பி, அதற்கு முந்தியதை விட்டுவிட்டு, அடுத்த பகுதியைப் புதிதாகத் தொடங்குங்கள். முதல் பகுதியில் தவறவிட்டதைத் துரத்திக்கொண்டே இரண்டாம் பகுதியையும் இழப்பதுதான் பலருக்கும் நேர்கிறது.

அறைக்குள் வருவதற்கு முன்பே கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். அறிவிப்பில் வரும் சுருக்கத்தைப் படித்துவிட்டு, பேச்சாளரின் அண்மைக் கட்டுரை ஒன்றின் முதல் படத்தையும் கடைசிப் பத்தியையும் பாருங்கள். இருபது நிமிட வேலை. உங்களுக்குப் பழக்கமில்லாத உயிரினத்தில் வேலை செய்பவர் என்றால், அந்தத் துறையின் எழுத்து மரபையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஈஸ்ட் ஆய்வாளர்கள் ஒரு மரபணுவின் இயல்பு வடிவத்தைப் பெரிய எழுத்திலும், அதன் ஒடுங்கு திடீர்மாற்ற வடிவத்தை (இயல்பு வடிவம் உடனிருந்தால் விளைவு வெளித்தெரியாத மாறிய வடிவத்தை) சிறிய எழுத்திலும் எழுதுவார்கள். பழ ஈ ஆய்வாளர்களோ, மரபணு கெட்டால் என்ன ஆகிறதோ அதையே பெரும்பாலும் அதற்குப் பெயராக வைத்துவிடுவார்கள். "ஐலெஸ்" என்று அவர்கள் சொல்லும் மரபணு கண் உருவாவதற்குத் தேவையானது, பாலூட்டிகளில் அதற்கு இணையானது பாக்ஸ்-6. இது தெரியாமல் பழ ஈ பற்றிய உரையைக் கேட்பவருக்கு ஒவ்வொரு வாக்கியமும் தலைகீழாகத் தெரியும். அடிப்படையே புதிதாக இருக்கும் துறைகளுக்கு, செல் உயிரியலாளர் ரான் வேல் 2006-இல் தொடங்கிய ஐபயாலஜி இணையதளத்தில் அந்தந்தத் துறையின் ஆய்வாளர்களே நிகழ்த்திய உரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் முதல் பகுதியைப் பொதுவான அறிமுகமாகவும் பின்வருவதைத் தங்கள் சொந்த ஆய்வாகவும் பிரித்துப் பேசியிருப்பார்கள். உங்களுக்கு அந்த முதல் பகுதி போதும்.

குறிப்பு எடுப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எடுப்பதில்லை என்று ஊகிக்கிறேன். 1951 நவம்பரில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளின், டி.என்.ஏ. இழைகளைப் பற்றிய தம் எக்ஸ் கதிர் ஆய்வை விளக்கிப் பேசியபோது, 23 வயது ஜேம்ஸ் வாட்சனும் அந்த அறையில் இருந்தார். படிகவியலின் சொற்கள் அவருக்கு அப்போது புதியவை. அவர் குறிப்பும் எடுக்கவில்லை. இழைகளில் நீர் எவ்வளவு இருக்கிறது என்று பிராங்க்ளின் சொன்ன அளவைத் தவறாக நினைவில் வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் திரும்பிய வாட்சன், பிரான்சிஸ் கிரிக்குடன் சேர்ந்து, பாஸ்பேட்டுகள் உட்புறத்தில் அமைந்த மூன்று இழை உருமாதிரி ஒன்றைக் கட்டினார். அதைப் பார்க்க வந்த பிராங்க்ளின், உண்மையான நீர் அளவு அவர்கள் எண்ணியதைவிடப் பல மடங்கு என்பதையும், பாஸ்பேட்டுகள் வெளிப்புறத்தில்தான் இருக்க முடியும் என்பதையும் எடுத்துச் சொன்னதும் அந்த மாதிரி அங்கேயே சரிந்தது. சரியான அமைப்பு வெளிவர 1953 ஆகிவிட்டது. அரைகுறையாகப் புரிந்த துறையில்தான் எண்களை எழுதிவைப்பது மிகவும் அவசியம். பழக்கமான துறையில் ஓர் எண்ணை மறந்தால் பொருத்தம் பார்த்து மீட்டுக்கொள்ளலாம், பழக்கமில்லாத துறையில் மறதி நம்மை எச்சரிப்பதே இல்லை.

நான் பரிந்துரைக்கும் குறிப்பு மிகச் சிறியது, அரைப் பக்கத்துக்குள் அடங்கும். உரையின் மையக் கேள்வியை ஒரு வாக்கியமாக, முன்னுரை முடிந்த கையோடு எழுதிவிடுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் பேச்சாளரே அதைச் சொல்லவில்லை என்பதற்கும் வாய்ப்புண்டு. உயிரினமும் சோதனை முறையும் அடுத்த வரி. நீங்கள் முழுதாகப் படித்த அந்த ஒரு வரைபடத்தைக் கோட்டுச் சித்திரமாக, அச்சின் பெயரோடும் எண்களோடும் வரைந்துகொள்ளுங்கள். அதன் பக்கத்தில் உங்கள் ஐயத்தை எழுதுங்கள். மடிக்கணினி வேண்டாம் என்பேன். வரைபடத்தை அதில் விரைவாக வரைய முடியாது, மின்னஞ்சலும் அதில்தான் வந்து விழும். கைப்பேசியால் ஸ்லைடைப் படம் எடுப்பதும் வேண்டாம். காட்டப்படுவதில் ஒரு பங்கு இன்னும் வெளியாகாத தரவு. பேச்சாளரின் அனுமதியில்லாமல் அதைப் படம்பிடிப்பது முறையன்று, பல கூட்டங்களில் வெளிப்படையாகத் தடையும் செய்திருக்கிறார்கள்.

இனி கேள்வி கேட்பது. மேலே சொன்னபடி செய்தால் உங்கள் அரைப் பக்கத்தின் கடைசி வரியே உங்கள் கேள்வி. ஒவ்வொரு உரையிலும் வாய் திறந்தே ஆக வேண்டும் என்ற உங்கள் நெறியாளரின் விதியை நான் ஏற்கவில்லை. கட்டாயத்தில் பிறக்கும் கேள்விகளைப் பல ஆண்டுகள் கருத்தரங்குகளை ஒருங்கிணைத்தவன் என்ற முறையில் நிறையக் கேட்டிருக்கிறேன், அவற்றில் கேட்பவரின் கவலை மட்டுமே தெரியும். ஒவ்வொரு உரையிலும் ஒரு கேள்வியை எழுதுவது, அதில் சிலவற்றைக் கேட்பது என்று அந்த விதியை நீங்களே திருத்திக்கொள்ளலாம். எழுதிய பக்கத்தை நெறியாளரிடம் காட்டினால் அவரும் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எப்படிப்பட்ட கேள்வி நல்ல கேள்வி? 1946-இல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் நடந்த கருத்தரங்கில் 21 வயது ஜோஷுவா லெடர்பெர்க், பாக்டீரியாக்களும் தமக்குள் மரபுப் பொருளைப் பரிமாறிக்கொள்கின்றன என்ற முடிவை முன்வைத்தார். சத்துப் பொருள்கள் சிலவற்றைத் தாமே தயாரிக்க இயலாத இருவேறு வகைகளைக் கலந்து வளர்த்தபோது, எல்லாவற்றையும் தயாரிக்கவல்ல செல்கள் தோன்றின என்பது அவருடைய சான்று. கேட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் ஆந்த்ரே ல்வோஃப் ஒரு மாற்று விளக்கத்தை எழுப்பினார்: இரண்டு வகைகளும் அருகருகே வாழ்ந்து, ஒன்றுக்கு இல்லாத சத்தை மற்றது கசியவிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாலும் இதே முடிவுதானே தெரியும்? விவாதம் நீண்டது. தனிச் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து பெருகும் கூட்டத்தைச் சோதித்தால் இதற்குத் தீர்வு கிடைக்கும் என்று மேக்ஸ் செல்லே என்பவர் வழிகாட்ட முன்வந்தார். பின்னர் அந்தச் சோதனை லெடர்பெர்க்கின் பக்கமே நின்றது. 1958-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ல்வோஃபின் மாற்று விளக்கம் தவறாகப் போயிற்று. ஆனாலும் அது மிக நல்ல கேள்வி. "இதே முடிவு வேறொரு காரணத்தாலும் வந்திருக்க முடியுமா, முடியுமென்றால் இரண்டையும் பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?" என்ற வடிவத்தில் அமைந்த கேள்வி பேச்சாளருக்கும் உதவும், அறைக்கும் உதவும்.

அது உங்களுக்கு உடனே கைவராது. இரண்டாம் ஆண்டில் வரவேண்டியதும் இல்லை. முதல் சில மாதங்களுக்குத் தெளிவு கேட்கும் கேள்விகளே போதும். "செல் நகரும் வேகத்தைக் காட்டிய வரைபடத்தில் மூன்று என்பது மூன்று தனிச் சோதனைகளையா குறிக்கிறது?" என்று ஒரே வாக்கியத்தில் கேட்டு அமர்ந்துவிடுங்கள். அதற்குமுன் உரை சிறப்பாக இருந்தது என்றோ, நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் அல்லள் என்றோ முன்னுரை வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் பதில் சொல்வதற்குள் இரண்டாவது கேள்வியைக் கோக்கவும் வேண்டாம். பதில் நிறைவாக இல்லாவிட்டால் ஒருமுறை தொடர்ந்து கேட்கலாம். மூன்றாம் முறையாக எழுந்தால் அது விவாதமாகிவிடும், உரைக்குப் பின் தனியாகப் பேசிக்கொள்வதே நல்லது. முன்வரிசைகளில் உட்காருவதும் ஒரு சிறிய உதவி: பின்னாலிருந்து கேட்கும்போது எல்லாத் தலைகளும் உங்களை நோக்கித் திரும்பும், முன்னாலிருந்து கேட்டால் பேச்சாளரின் முகம் மட்டுமே உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில், உடன் படிக்கும் மாணவியரும் வாய் திறப்பதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் துறைக்கு மட்டும் உரியதன்று. அலிசியா கார்ட்டரும் உடன் ஆய்வாளர்களும், 10 நாடுகளில் 35 நிறுவனங்களில் ஏறத்தாழ 250 துறைக் கருத்தரங்குகளைக் கவனித்துப் பதிவுசெய்த ஆய்வை 2018-இல் வெளியிட்டார்கள். அவையில் இருந்த ஆண், பெண் விகிதத்தைக் கணக்கில் கொண்ட பிறகும், ஒரு பெண் கேள்வி கேட்கும் வாய்ப்பு ஓர் ஆணுக்கு இருந்ததைப்போல் இரண்டரையில் ஒரு பங்காகவே இருந்தது. முதல் கேள்வியை ஆண் கேட்ட கருத்தரங்குகளில் இந்த இடைவெளி பெரிதாகவும், கேள்விகளுக்கு நேரம் நிறைய இருந்தபோது சிறிதாகவும் இருந்தது. தம்மிடம் கேள்வி இருந்தும் துணிவு வரவில்லை, உரையைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்போமோ என்று அஞ்சினோம் என்பவை பெண்கள் கூடுதலாகச் சொன்ன காரணங்களில் அடங்கும். இதன் பொறுப்பில் பெரும்பங்கு கூட்டத்தை நடத்துபவருடையது. முதல் கேள்வியை மாணவர்களுக்கு ஒதுக்குங்கள், முதல் கை தூக்கப்பட்டவுடன் அழைத்துவிடாமல் சற்று நேரம் பொறுத்து அறை முழுவதையும் பாருங்கள் என்று உங்கள் துறையின் ஒருங்கிணைப்பாளரிடம் மாணவர் பிரதிநிதி வழியாகச் சொல்லலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அவர் செய்தாலும் செய்யாவிட்டாலும், கை தூக்குவதானால் முதலிலேயே தூக்குங்கள். எளிய கேள்விகள் தொடக்கத்தில் இயல்பாக ஒலிக்கும், மூன்று சிக்கலான கேள்விகளுக்குப் பிறகு அதே கேள்வியைக் கேட்கக் கூச்சம் வரும்.

அறையில் கேட்கவே முடியவில்லை என்றால், விருந்தினருடன் மாணவர்கள் மட்டும் உரையாடப் பல துறைகள் ஒதுக்கும் நேரத்துக்குத் தவறாமல் போங்கள். அங்கே ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். பேச்சாளரும் மேடையில் சொல்லாத தோல்விகளையெல்லாம் அங்கே சொல்வார். ஒரு சோதனையை ஏன் கைவிட்டார்கள் என்பது கட்டுரைகளில் அநேகமாக வருவதில்லை.

கருத்தரங்குக்குப் போகாமல் ஆய்வுக்கூடத்தில் இருந்துவிடலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். நேரம் தவறினால் கெட்டுப்போகும் சோதனை கையில் இருந்தால் சோதனைதான் முதலில். அதற்காக யாரும் உங்களைக் குறைசொல்லக் கூடாது. மற்ற நாட்களில் உங்கள் துறையின் வாராந்தர உரைக்குப் போங்கள். வளாகத்தில் நடக்கும் மற்றவற்றில் தேர்ந்தெடுத்துப் போனால் போதும். பெயர்பெற்ற பேச்சாளர் என்பதை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். 1961 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த பன்னாட்டு உயிர்வேதியியல் பேரவையில், அவ்வளவாக அறியப்படாத மார்ஷல் நிரன்பர்க் ஒரு சிறிய அறையில் சிலர் முன்னால் பேசினார். யூராசில் என்ற ஒரே எழுத்து மட்டுமே தொடர்ந்து வரும் செயற்கை ஆர்.என்.ஏ.வை, செல்களை உடைத்தெடுத்த செல்லற்ற கலவையில் இட்டால் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் மட்டுமே கொண்ட புரதச் சங்கிலி உருவாகிறது என்பது அவருடைய செய்தி. மரபுக் குறியீட்டின் முதல் சொல் அங்கே படிக்கப்பட்டது. கேட்ட சிலரில் ஒருவரான மேத்யூ மெசல்சன் அதைக் கிரிக்கிடம் சொல்ல, கிரிக் பேரவையின் பெரிய அமர்வில் நிரன்பர்க்கை மீண்டும் பேசவைத்தார். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வாய்க்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பெரும்பாலான உரைகள் சுமாரானவை. சில, வந்தது வீண் என்று எண்ணவைப்பவை. சுமாரான உரையிலும் ஒரு வரைபடத்தை முழுதாகப் படிக்கும் பயிற்சி கிடைக்கும் என்பதால்தான் போகச் சொல்கிறேன்.

உங்கள் சொந்த உரைக்கு வருவோம். கேட்பவராக உங்களுக்கு எங்கே விட்டுப்போயிற்று என்பதை நீங்களே அறிவீர்கள். உங்கள் அவையில் பாதிப் பேர் அதே இடத்தில்தான் நழுவுவார்கள். எனவே முதல் வரைபடத்துக்கு அளவுக்கு மீறி நேரம் கொடுங்கள். முடிவைச் சொல்லுமுன் கிடை அச்சில் என்ன, நிலை அச்சில் என்ன, ஒவ்வொரு புள்ளியும் எதைக் குறிக்கிறது என்று கையால் சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள், பிறகு முடிவு. அதே அச்சுகளை அடுத்த வரைபடங்களிலும் அதே நிறத்தில், அதே வரிசையில் வைத்துக்கொண்டால் இரண்டாவதிலிருந்து விரைவாகப் போகலாம். கட்டுரைக்காகச் செய்த ஆறு பகுதிப் படத்தை அப்படியே ஸ்லைடில் ஒட்டாதீர்கள். "இதில் இந்த மூலையில் இருப்பதை மட்டும் பாருங்கள்" என்று சொல்ல வேண்டி வந்தால் மற்ற ஐந்தையும் எடுத்துவிடலாம் என்று பொருள்.

ஸ்லைடின் தலைப்பில் சோதனையின் பெயரை எழுதுவது வழக்கம். அங்கே முடிவையே முழு வாக்கியமாக எழுதுங்கள். "செல் நகர்வுச் சோதனை" என்பதைவிட "இந்தப் புரதம் நீங்கினால் செல்லின் வேகம் பாதிக்கும் கீழாகக் குறைகிறது" என்பது, நடுவில் கவனம் சிதறித் திரும்புபவரையும் சேர்த்துக்கொள்ளும். ஒளிர் நுண்ணோக்கிப் படங்களில் சிவப்பையும் பச்சையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு இவ்விரண்டையும் பிரித்துணர்வதில் குறைபாடு உண்டு, மற்ற மக்களிடையேயும் ஓரளவு உண்டு. சிவப்புக்குப் பதிலாக மெஜந்தாவை வைத்தால் தீர்ந்தது. ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் கோடு இருக்கட்டும். புரதங்களைப் பிரித்து அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையைக் காட்டினால், ஒவ்வொரு தடத்திலும் சம அளவு புரதம் ஏற்றப்பட்டது என்பதைக் காட்டும் ஆக்டின் அல்லது டியூபுலின் பட்டையையும் சேர்த்தே காட்டுங்கள். இல்லையென்றால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நாற்பத்தைந்து நிமிடம் என்றால் நாற்பதில் முடியும்படி தயாராகுங்கள். நடுவில் கேள்விகள் வரும், கணினி தகராறு செய்யும். நேரம் மீறிப் பேசுபவரை அவை மன்னிப்பதில்லை. குறிப்பாக, அவசரத்தில் தாண்டிச் செல்லும் கடைசிப் பத்து ஸ்லைடுகளில்தான் உரையின் சாரம் இருந்தது என்று தெரியும்போது. ஒத்திகையை உங்கள் ஆய்வுக்கூடத்தாரிடம் மட்டும் செய்து பார்ப்பது போதாது. அவர்களுக்கு உங்கள் அச்சுகளெல்லாம் மனப்பாடம். வேறொரு ஆய்வுக்கூடத்தில் வேறு உயிரினத்தோடு மல்லுக்கட்டும் இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசிக்காட்டி, முடிந்ததும் "என் கேள்வி என்ன, என் முடிவு என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வது நீங்கள் நினைத்ததிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. முதல் இரண்டு நிமிடங்களில் சொல்லப்போவதைச் சொல்லுக்குச் சொல் எழுதி மனத்தில் இருத்திக்கொள்ளலாம். பதற்றம் அங்கேதான் அதிகம். மற்றதை எழுதிப் படிக்க வேண்டாம்.

கேள்வி நேரத்தில் முதலில் கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் அது கேட்கும், நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்பதும் தெரியும், யோசிக்க ஐந்து விநாடியும் கிடைக்கும். செய்யாத சோதனையைப் பற்றிக் கேட்டால் "இன்னும் செய்யவில்லை, செய்தால் இன்ன முடிவை எதிர்பார்க்கிறோம், இன்ன காரணத்தால்" என்று சொல்வதே முழுமையான பதில். என்னவாக இருக்கும் என்று ஊகித்து அதை முடிவுபோல் சொல்லிவிட்டால் அடுத்த மூன்று கேள்விகள் அந்த ஊகத்தின்மேலேயே வரும். வர வாய்ப்புள்ள நான்கைந்து கேள்விகளுக்கான வரைபடங்களை நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்திருங்கள். வெளியாகாத தரவில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை உங்கள் நெறியாளரிடமும், அந்தத் தரவில் பங்குள்ள மற்றவர்களிடமும் உரைக்கு இரண்டு வாரம் முன்பே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். முந்தின நாள் இரவில் கேட்டால் பாதி உரையை மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்.